பூட்டிய வீட்டில் ஒரு கந்தசட்டி

1

போன வாரம் என்னைப் புதிதாகப் படம் எடுத்தார்கள். அட்டை கொடுத்து ஒரு வருடம் முடிந்துவிட்டதால் புதுப்பிக்க வேண்டுமாம். பழைய அட்டையில் இருந்த மனிதருக்குத் தலைமயிர் சற்றுக் கூட, தன்னம்பிக்கையும் அப்படித்தான். இரண்டு படங்களின் கீழும் ஒரே பதவிதான் எழுதியிருக்கிறது: "இந்து சமய வருகையாளர்."

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்து முடிக்கலாம். நான் பொறுத்திருக்கிறேன்.

நான் லண்டன் பிளேஸ்டோவில் இருந்துகொண்டு ஒரு பஸ் கம்பனிக்கு நேர அட்டவணை போடுகிறவன். பஸ்கள் என் அட்டவணையை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்கின்றன. அதற்குமேல் அவற்றுக்கும் எனக்கும் தொடர்பில்லை. கோயிலுக்குப் போவது மனைவியைக் காரில் இறக்கிவிட. தேவாரம் முழுதாகத் தெரிந்தது ஒன்று. அதிலும் கடைசி இரண்டு அடியை மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்தே இவ்வளவு காலமும் ஓட்டியிருக்கிறேன். இப்படிப்பட்டவன் சமயப் பணிக்குப் போனதற்குக் காரணம் எளிது. கோயிலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: பிள்ளைகளைப் பூட்டிவைத்திருக்கும் ஓர் இடத்துக்கு மாதம் சில தடவை வந்து இந்துப் பிள்ளைகளோடு பேச ஒருவர் தேவை. ஐயருக்கு நேரமில்லை. தலைவருக்குக் கார் இல்லை. எனக்குக் கார் இருந்தது. மனைவி கையை உயர்த்தினார், அதுவும் என்னுடைய கையை.

செய்தி யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒன்றுவிட்ட தம்பி அழைத்தான்.

"அண்ணை, நீங்கள் ஜெயிலுக்குப் போறியளாமே?"

"ஓம்."

"என்ன செய்தனீங்கள்?"

அவனுக்கு விளக்கி முடித்தபோது எனக்கே அது சந்தேகமாக இருந்தது. அதனால்தான் இந்தக் குறிப்புகள். இதில் வரும் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். என் முட்டாள்தனத்தை மட்டும் உள்ளபடி விட்டிருக்கிறேன்.

2

அது சிறைபோல இருக்காது என்பதுதான் முதல் அதிர்ச்சி. பஸ் பாதை முடிந்து, வயல் தொடங்குகிற இடத்தில், ஓர் ஆரம்பப் பாடசாலையைப் போல ஒரு கட்டடம். சுற்றிவர உயர்ந்த வேலி. வேலிக்கு உள்ளே யாரோ நட்ட சூரியகாந்தி. காவலர் உடுப்புப் போட்டவர்கள் ஒருவரும் இல்லை. வேலை செய்கிறவர்களைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாசலில் தொலைபேசி, கார்த் திறப்பு, பணப்பை, சூயிங்கம் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பிறகு ஒரு கதவு. அது உங்கள் பின்னால் மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தச் சிறு நேரத்தில் நான் செய்த பாவங்கள் எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வரும். சமயப் பணி தொடங்குவது அங்கேதான்.

உள்ளே இருப்பவர்கள் பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சிலர் நீதிமன்றம் அனுப்பியவர்கள். சிலர் வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. கட்டிலும் மேசையும் சுவரோடு பொருத்தியிருக்கும், தூக்கி எறிய முடியாதபடி. காலையில் எழுப்புவார்கள். மேசையில் பிள்ளைகளும் பணியாளர்களும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். பிறகு அதே கட்டடத்துக்குள் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர்தான். வெளியே பாடசாலைகள் பல முறை துரத்திவிட்ட பிள்ளை ஒன்று, இங்கே தப்ப வழியில்லாததால் பின்னம் கூட்டப் பழகிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். நல்லபடி நடந்தால் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிநிலை ஏறும். தங்கத்தில் இருப்பவன் இரவு கூடுதல் நேரம் விளையாட்டுப் பார்க்கலாம், வீட்டுக்குக் கூடுதல் நேரம் பேசலாம். குழப்படி செய்தால் இறக்கம். எங்கள் சங்கங்களின் நிர்வாகசபைகளுக்கும் இந்த முறையைப் பரிந்துரைக்க நினைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர் உண்டு. வாரம் ஒருமுறை இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். செய்த குற்றம், பாதிக்கப்பட்டவன், கோபம், வீடு, பயம். தாதி ஒருவர், மனநல ஆலோசகர் ஒருவர். சொர்க்கம் என்று சொல்லவில்லை. கதவை மணிக்கணக்காக உதைக்கிறவனையும் பார்த்திருக்கிறேன். ஒருவனை நாலு பேர் சேர்ந்து பிடித்து வைத்திருந்ததையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். பணியாளர் போதாத நாட்களில் எல்லோரும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டி வரும். ஆனாலும் ஒரு விஷயம் என்னை அங்கே திரும்பத் திரும்பப் போகவைத்தது.

இளவயதில் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்தபோது என்னையும் பிடித்துக்கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஆனால் ஏன் என்றோ எவ்வளவு காலம் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. கம்பிக்கு அப்பால் ஒரு மேசை, மேசையில் ஒருவர் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது என்று பிறகுதான் விளங்கியது. இங்கே பதின்மூன்று வயதுப் பிள்ளைகூடத் தன் வெளியேறும் திகதியைப் பல்தேய்த்தபடி சொல்லும். அந்தத் திகதிக்கு முன் என்னென்ன நடக்க வேண்டும் என்றும் சொல்லும். பூட்டுவது எல்லா நாட்டுக்கும் தெரிந்த தொழில். திறப்பதற்கு ஆயத்தம் செய்வதை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன்.

3

அந்த இலையுதிர் காலத்தில் அங்கே இருந்த ஒரே இந்துப் பிள்ளை கவின். பதினாறு வயது. வீடு வட லண்டன் எட்மண்டனில். பெரிய பொடியன்கள் சிலருக்காகத் தன் புத்தகப் பையில் கத்தி கொண்டு திரிந்திருக்கிறான். ஒருநாள் அந்தக் கத்தி வெளியே வந்தது. குத்தியது இவனில்லை. குத்து வாங்கியவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பை இவனுடையது.

முதல் சந்திப்பில் அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அங்கிள், யூ த ஐயர்?"

"இல்லைத் தம்பி. நான் பஸ் கம்பனி."

"சிக்." அது பாராட்டு என்று பிறகு என் மகளிடம் கேட்டு அறிந்துகொண்டேன். என் மகள் எனக்குத் தரும் நீண்ட பதில் வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல்தான். இந்தச் சொல்லுக்கு மட்டும் தொலைபேசியில் அழைத்து விளக்கம் சொன்னாள்.

கவினின் தகப்பன் குலம் ஜேர்மனிக்கு அகதியாகப் போய், வேலை பழகி, குடியுரிமையும் எடுத்து, எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியவர். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் இதற்காகவே கடல் கடந்து வந்திருக்கிறார்கள். குலத்தின் ஆசை நிறைவேறியது. நீதிமன்றத்தில் மகன் அருமையான இங்கிலிஷ் பேசினான்.

தாய் வசந்தி ஒவ்வொரு வாரமும் வருவார். தகப்பன் தீர்ப்பு நாளுக்குப் பிறகு வந்ததேயில்லை. தொலைபேசியிலும் பேசியதில்லை. ஊருக்கும் உறவுக்கும் அவர் சொல்லி வைத்திருந்த கதை: கவின் ஜேர்மனியில் பெரியப்பாவோடு இருந்து படிக்கிறான். பெரியப்பாவும் அங்கிருந்து அதே கதையைச் சொன்னார். இரண்டு நாடுகளில் ஒரே பொய்யைப் பிசகாமல் பரிபாலிப்பது எங்களால் மட்டுமே ஆகிற காரியம்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். கவினின் தண்டனையில் பாதி உள்ளே, மீதி வெளியே கண்காணிப்பில். வெளியே விடுவதற்கு முதல் ஒரு கூட்டம் கூடி, அவன் எந்த முகவரிக்குப் போவான் என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முகவரியில், அவன் காலில் கட்டிவிடும் கணுக்காற்பட்டியோடு பேசும் ஒரு கண்காணிப்புப் பெட்டி வைப்பார்கள். வீட்டுத் தலைவர் சம்மதிக்க வேண்டும். குலம் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்காவிட்டால் கவுன்சிலின் கையில் இருந்தது ஒரேயொரு இடம்: வடக்கே, பல மணி நேரம் தள்ளி, கடற்கரை நகரம் ஒன்றில், தமிழ் முகம் எதையும் காணாத விடுதி ஒன்றில் ஓர் அறை.

"அந்த மாதிரி விடுதிகளுக்குப் போனவர்களில் பலரை நான் இங்கே மறுபடியும் வரவேற்றிருக்கிறேன்" என்றார் மார்சியா. கவினுக்குப் பொறுப்பானவர் அவர்தான். ஜமெய்க்காப் பெற்றோருக்கு டொட்டன்ஹாமில் பிறந்தவர். எல்லோரையும் 'டார்லிங்' என்பார், என்னையும் கதவை உதைக்கிறவனையும்கூட. "நான் இவனை வரவேற்க விரும்பவில்லை, டார்லிங்."

4

இனி என் முட்டாள்தனம்.

வேலையில் சேர்ந்ததும் அங்கே என்னிடம் கேட்ட முதல் உதவி, இந்துக்களின் விசேஷ நாட்களை ஓர் அட்டவணையாகப் போட்டுத் தர முடியுமா என்பது. எந்த நாளில் என்ன சமைப்பது என்று தெரியக் குசினிக்குத் தேவையாம். அட்டவணை என்றதும் எனக்குள் இருந்த தொழிலாளி எழுந்து நின்றான். எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் கடைக்காரர் தந்த நாட்காட்டி தொங்கியது. அதைப் பார்த்து நிறம் நிறமாகப் போட்டுக் கொடுத்தேன். முருகனுக்குப் பிடிக்கிற ஆறு நாள் விரதம் கந்தசட்டி சனிக்கிழமை தொடக்கம் என்று பச்சை நிறத்தில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மார்சியா அழைத்தார்.

"கவின் காலையிலிருந்து சாப்பிடவில்லை. சமய விரதம் என்கிறான். உங்கள் அட்டவணையில் விரதம் நாளைக்குத்தான் தொடங்குகிறது. பணியாளர் அதைக் காட்டியிருக்கிறார். அவன் கத்தியிருக்கிறான். மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி நிலத்தில் விழுத்தியிருக்கிறான்."

ஒரு பிள்ளை சாப்பாட்டை மறுத்தால் அங்கே அது பெரிய விஷயம். தாதி வருவார். எடை பார்ப்பார்கள். அடிக்கடி அறையை எட்டிப் பார்ப்பார்கள். காரணம் பொய் என்றால் அதுவும் பதிவாகும். தட்டுக்கு வேறு பதிவு. கவின் தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு இறங்கிவிட்டான். கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. "இதெல்லாம் அந்த மேசைக்கு வரும்" என்றார்.

சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். சனிதான். எட்மண்டன் பக்கத்தில் எப்போது தொடக்கம் என்று மனைவியைக் கேட்டேன்.

"அது வாக்கிய பஞ்சாங்கம். எட்மண்டன் பக்கக் கோயில் திருக்கணிதம். அவைக்கு இண்டைக்குத் துவக்கம்" என்றார், வெங்காயம் வெட்டியபடி. "உங்களுக்கு இது தெரியாதே?"

தெரியும். எங்கள் சனத்தில் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு பஞ்சாங்கம், இரண்டு கணக்கு. சில வருடம் ஒரே நாளில் வரும். சில வருடம் ஒரு நாள் தள்ளும். இதற்காகச் சம்பந்திமார் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். லண்டனுக்கு வந்தபோது பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள்கூடப் பஞ்சாங்கச் சண்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். பஸ் ஒரு நிமிடம் பிந்தினால் விளக்கம் எழுதுகிற நான், ஒரு பிள்ளையின் விரதத்தை ஒரு நாள் பிந்தவிட்டு அவனைப் பொய்யனாக்கியிருந்தேன்.

அன்றிரவே போக அனுமதியில்லை. சனி காலை முகாமையாளர் எலெனியின் அறையில் போய் இருந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அட்டவணை பிழை. அதாவது, பிழையில்லை. கவினும் பிழையில்லை."

"யார் பிழை?"

"நிலவு."

எலெனி பேனையைக் கீழே வைத்தார். நான் இரண்டு பஞ்சாங்கங்களையும் விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே ஒரு மோசடிபோல ஒலித்தது.

"இதில் எது சரி?" என்றார்.

"அதைச் சொன்னால் நான் பாதிக் கோயில்களுக்குப் போக முடியாது."

அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு. "என் பெற்றோர் சைப்ரஸ். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஈஸ்டர் முடிந்த பிறகு எங்களுக்கு ஈஸ்டர் வரும். நான் லீவுக்காகப் பொய் சொல்கிறேன் என்று என் டீச்சர் வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்." கணினியில் எதையோ அழித்துத் தட்டினார். "பொய் என்ற பதிவை எடுத்துவிட்டேன். இரவு பாலும் பழமும் கொடுப்பார்கள். தாதி ஒவ்வொரு நாளும் பார்ப்பார். ஆனால் தட்டு தட்டுத்தான். நிலத்தை அவனே துடைக்க வேண்டும். குசினியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வெண்கலத்திலிருந்து திரும்பி ஏறட்டும்."

நியாயம் என்று பட்டது. கவினுக்கும் பட்டிருக்க வேண்டும். நான் போனபோது துடைத்து முடித்திருந்தான்.

"சொறி தம்பி. அட்டவணை நான் போட்டது."

"யூ யூஸ்ட் த ரோங் ஒன், அங்கிள். அப்பா ஹேட்ஸ் தட் ஒன்." வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், இரவுவரை அதைத் தொடக்கூடாது. "அதுக்காகவே ஒரு கோயிலை விட்டவர். மீட்டிங்கில எழும்பிக் கத்தினவர். ஐ வாஸ் லைக், எய்ட் இயர்ஸ் ஓல்ட்."

"முந்தியும் விரதம் பிடிச்சனியோ?"

"நோ. நெவர். அம்மாவும் அப்பாவும்தான். இந்த முறை ஃப்ரைடே துவக்கம் எண்டு அம்மா சொன்னவ." நிலம் துடைத்த துணியை மடித்தான். "இப்ப அவருக்கும் பசிக்கும் என்ன? சேம் டைம்."



5

இதைக் கொண்டுபோய்க் குலத்திடம் சொன்னால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் உள்ளே கேட்டதை வெளியே கொண்டுபோக எனக்கு அனுமதியில்லை. பயிற்சியில் அதைப் பல தடவை சொன்னார்கள். ஊரில் பிறந்த ஒருவனிடம் 'கேட்ட கதையை இன்னொருவருக்குச் சொல்லாதே' என்பது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று அவர்களுக்குத் தெரியாது.

மார்சியாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "செவ்வாய்க்கிழமை நான் வீட்டைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் மொழிபெயர்க்க வாருங்கள்."

"அவருக்கு இங்கிலிஷ் தெரியுமே?"

"தெரியும். ஆனால் கோபம் வந்தால் அவர் தமிழுக்குப் போய்விடுகிறார். நான் வாசலிலேயே நின்றுவிடுகிறேன்."

எட்மண்டனில் அந்த வீட்டின் தரை ஒரு அரண்மனைக்குப் போடவேண்டியது. குலம் மாபிள் ஒட்டுகிறவர்; தன் வீட்டில் ஒரு கோடுகூட விலகவிடவில்லை. அவர் கைகட்டி நின்றார். வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தார். விரதக்காரி தனக்கு ஊற்றவில்லை. மார்சியா கவினின் அறையைப் பார்த்தார். கட்டிலை விரித்து வைத்திருந்தார்கள். அதை விரித்தது யார் என்று வசந்தியின் முகம் சொன்னது.

கீழே வந்து பெட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் குலம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இவவுக்குச் சொல்லுங்கோ. பெட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வாற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது? வைஃபை எண்டோ?"

"தம்பி, கொஞ்சம் இருந்து கதைப்பம்."

"என்னத்தைக் கதைக்கிறது? ஜேர்மனியில எனக்கு என்ன குறை? மேஸ்திரி மாதிரி இருந்தனான். இவன் படிக்கவேணுமெண்டு எல்லாத்தையும் வித்துப்போட்டு வந்து, இஞ்ச முதல் நாளிலயிருந்து திரும்ப முழங்காலில நிண்டு மாபிள் ஒட்டினனான். எனக்கு ஒரு மகள்தான். அவ்வளவுதான்."

"என்ன சொல்கிறார்?" என்றார் மார்சியா.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அது சுட்டது. இன்னும் குடித்தேன். மொழிபெயர்ப்பாளன் என்று வந்தவனுக்கு இரண்டு மொழியும் மறந்துபோயிருந்தன.

படிக்கட்டில் இருந்து தெளிவான இங்கிலிஷில் ஒரு குரல் வந்தது. "அப்பா சொல்கிறார், தனக்கு ஒரு மகள் மட்டும்தானாம்." கவினின் தங்கை, பன்னிரண்டு வயது ஆதிரா, படிக்கட்டுக் கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். "அந்த மகள் நான்தான். எனக்கு அது பிடிக்கவில்லை."

"நீ மேல போ!" என்றார் குலம்.

"ஏன்? நான்தானே மிச்சம்?" என்றாள் அவள், இந்த முறை தமிழில். போகவில்லை.

மார்சியா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக வைத்தார். அடுத்து வந்ததைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொல்வதற்குக் கவினிடமும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உங்கள் மகன் வெள்ளிக்கிழமையிலிருந்து விரதம். இரவு பாலும் பழமும் மட்டும்தான்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டார். குலம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு முதல் தடவையாக மார்சியாவைப் பார்த்து, அவருடைய மொழியிலேயே கேட்டார்.

"வெள்ளியா, சனியா?"

"வெள்ளி. எங்கள் அட்டவணையில் சனி என்றுதான் இருந்தது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் பெரிய பிரச்சினை வந்தது. படிநிலையும் இறங்கியது."

"சனியெண்டு போட்ட விசரன் ஆர்?" என்று என்னைக் கேட்டார் குலம்.

"ஆரோ ஒருத்தன்" என்றேன்.

அவர் போய் ஜன்னலடியில் நின்றார். வெளியே தெருவில் கவுன்சிலின் குப்பை வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் நிற்கும்வரை அவரும் திரும்பவில்லை. "வெள்ளிதான் சரி" என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு வசந்தியிடம்: "வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?"

6

வியாழன் அவர்கள் கணக்கில் பாறணை, விரதம் முடித்துச் சோறு உண்ணும் காலை. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக முடியாது. வசந்தி அதிகாலையில் எழுந்து சமைத்ததை எல்லாம் குலத்தின் வேலை வான் வண்டியிலேயே விட வேண்டியிருந்தது. "மணத்தையாவது உள்ள விடுவினமோ?" என்று கேட்டார். எலெனி கூட்டத்துக்கு முன்னால் சந்திப்பு அறையில் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார். பள்ளிக்கூடக் குசினியில் ஆசிரியரோடு நின்று கவினே சமைத்திருந்தான். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல். சோறு களி. பருப்பு கறுப்பு. உருளைக்கிழங்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

குலம் வந்து கதிரையில் இருந்தார். மகனைப் பார்க்கவில்லை. பிளாஸ்ரிக் தட்டைப் பார்த்தார். தொடவில்லை. தகப்பன் தொடாததால் கவினும் தொடவில்லை. அவன் தொடாததால் தாயும் தொடவில்லை. மூன்று பசித்த மனிதர்கள் சோற்றைச் சுற்றி இருந்தார்கள். கதவோரம் நின்ற மார்சியா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கடற்கரை நகரத்து விடுதி தெரிந்தது.

குலம் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "காலமை முழுகினியோ?"

பல மாதங்களுக்குப் பிறகு அவர் மகனோடு பேசிய முதல் வார்த்தை.

"ஓம் அப்பா. பச்சைத் தண்ணி. ஷவர் ப்ரோக்கன்."

"திருநீறு?"

கவின் என்னைப் பார்த்தான். சட்டைப்பையில் வைத்திருந்த சிறு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். வாசலில் அதைச் சோதித்துச் சோதித்து, முகர்ந்தும் பார்த்து, ஒருவழியாக விட்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் நான் செய்த முதல் உருப்படியான சமயப் பணி அது. குலம் அதை வாங்கி, தான் பூசி, பிறகு மேசைக்கு மேலால் எட்டி மகனின் நெற்றியில் பூசினார். கை அங்கே கொஞ்சம் தங்கியது.

"சரி. இருந்து சாப்பிடு. பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு."

"ஐ நோ."

இருவரும் சாப்பிட்டார்கள். வசந்தி சாப்பிடுவதுபோல முகத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் சுகமானதாக இருக்கவில்லை. கவுன்சில் அலுவலர் நேராகவே கேட்டார்: "எட்மண்டனில் அந்தப் பெரிய பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு தெரியும். அங்கேயே திரும்பிப் போவது பாதுகாப்பா?"

கவின் தலையைத் தூக்கினான். "இல்லை. ஆனாலும் எனக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் வந்தால் இல்லை என்று சொல்லப் பழகியிருக்கிறேன். மார்சியாவோடு ஒவ்வொரு வாரமும் அதைத்தான் பழகுகிறேன். அவ கத்திக்காரனாக நடிப்பா. நல்லா நடிப்பா."

மார்சியா கூரையைப் பார்த்தார்.

எலெனி குலத்தின் பக்கம் திரும்பினார். அவர் எழுந்து நின்றார். எங்கள் ஆட்கள் அலுவலகங்களில் எழுந்துதான் பேசுவார்கள். வானில் வரும்போது பாடமாக்கிய இங்கிலிஷ் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பாதியில் அது முடிந்துபோய், என்னைப் பார்த்துத் தமிழில் தொடர்ந்தார்.

"அண்ணை, சரியாச் சொல்லுங்கோ. நான் ஒரு நாட்டை விட்டு ஓடினனான். பிறகு ஒரு நாட்டை நானே விட்டனான். எனக்கு எட்மண்டனை விடுறது பெரிய வேலையோ? வீட்டைக் குடுத்துப்போட்டு வேற பக்கம் பாக்கிறன். அதுவரைக்கும் காலமை நான் வானில கொண்டுபோய் கொலிஜ்ஜில விடுவன், பின்னேரம் நானே ஏத்துவன். தனிய விடமாட்டன். அவன் போனை இரவில என்ர கையில தரவேணும். அவனுக்கு அது பிடிக்காது. பரவாயில்லை. எனக்கும்தான் எத்தினையோ பிடிக்கேல்லை."

இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அலுவலர் இன்னும் பல கேள்விகள் கேட்டார், நல்ல கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் இருந்தது, சிலவற்றுக்கு இருக்கவில்லை. கடைசியில் எலெனி முகவரிக்கான இடத்தில் எட்மண்டன் வீட்டை எழுதினார்.

"பெட்டியை எங்கே வைப்பது?" என்றார்.

"எங்க நல்லா வேலை செய்யுதோ அங்க" என்றார் குலம்.

வெளியே வந்து, பூட்டிவைத்த தொலைபேசிகளை வாங்கிக்கொண்டோம். வாகனத் தரிப்பிடத்தில் வசந்தி வானிலிருந்த சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து, யாரும் கேட்காமலே எனக்கு ஒரு தட்டில் போட்டார். குலம் தன் வானின் கதவைத் திறந்தபடி யாரையோ அழைத்தார். வால்தம்ஸ்டோவில் கடை வைத்திருக்கும் மச்சான் என்று வசந்தி சொன்னார். அந்தக் கடைக்குப் போகாத தமிழர் அந்தப் பக்கத்தில் இல்லையாம்.

"மச்சான், நான் குலம். கடையில சனம் நிக்குதோ? நல்லது. ஸ்பீக்கரில போடு... போடு எண்டுறன். என்ர மகன் ஜேர்மனியில இல்லை. பிழை செய்தவன், உள்ளுக்க இருக்கிறான். வாற மாதம் வீட்ட வாறான். கேக்கிறவைக்கு நீயே சொல்லு. நான் ஒவ்வொருத்தரா ரெலிபோன் எடுக்கேலாது, எனக்கு வேலை கிடக்கு."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. குலம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார், "இன்னொருக்காச் சொல்லுறன். பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேட்டிராது."